சூடாகி நின்ன வண்டியும் அடிமாட்டு வெலையும்

பழைய கார் ஒண்ணு எஞ்சின் ஹீட்டாகி நின்னு போச்சுன்னா டவுன்ல இருக்கற நம்ம சொந்தபந்தம் அத்தனை பேரும் ஒரே கணக்கைத்தான் சொல்றாங்க. வண்டியை இப்ப வித்தா என்ன வரும், ரிப்பேருக்கு என்ன ஆகும், ரிப்பேர் செலவு வண்டி வெலையில பாதியைத் தொட்டா தள்ளி விட்டுடு. மகன் சொன்னான். மச்சினன் சொன்னாரு. கோயமுத்தூர்ல இருக்கற தங்கச்சி வீட்டுக்காரர் இதுக்குன்னே போன் போட்டுச் சொன்னாரு. பத்து நாளா நானும் அந்தக் கணக்கைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்துட்டேன். விக்கப் போறவனுக்கு அது சரியான கணக்கு. ஓட்டப் போறவனுக்கு அது உதவாது. ஏன்னு சொல்றேன்.

எங்ககிட்ட இருக்கறது 2009 மாடல் மாருதி ஆம்னி. உங்களுக்கு ஆம்னின்னா ஸ்கூல் பிள்ளைகளைத் திணிச்சுட்டுப் போற வேன், இல்லன்னா சினிமாவுல ஆளைக் கடத்தற வேன். 1984ல வந்த வண்டி அது. 2019ல தயாரிக்கறதையே நிறுத்திட்டாங்க. 796 சிசி, மூணு சிலிண்டர், முன்சீட்டைத் தூக்கினா அடியில எஞ்சின். பின்சீட்டைக் கழட்டிட்டா ஏழெட்டு மூட்டை முருங்கைக்காய் ஏறும். திரும்பி வரும்போது யூரியா ஏறும், புண்ணாக்கு ஏறும், ஆட்டுக்குட்டி ஏறும். ஞாயித்துக்கிழமை கழுவி விட்டு சீட்டை மாட்டினா குடும்பத்தோட பழனிக்குப் போய்ட்டு வரலாம். எங்க ஒட்டன்சத்திரம் பக்கத்துல ரெண்டு மூணு ஏக்கர் வச்சிருக்கறவன் ஆசைப்படற வண்டி அதுதான். இன்னைக்கும் நல்ல ஆம்னி ஒண்ணு வெலைக்கு வருதுன்னா நாலு பேர் போய் நிப்பாங்க.

நடந்தது பெரிய கதை இல்ல. சித்திரை வெயில்ல மார்க்கெட்டுக்குக் காய் ஏத்திட்டுப் போறப்ப ரேடியேட்டர் ஹோஸ் வெடிச்சுப் போச்சு. ரப்பர் தானே, பதினாறு வருஷத்துல அதுக்கும் வயசாகும். முள்ளு சிவப்புக்கு ஏறுச்சு, உடனே ஓரம் கட்டி ஆஃப் பண்ணிட்டேன். டிராக்டர் வச்சு இழுத்துட்டு வந்து மெயின் ரோட்டுல ஒரு வொர்க்‌ஷாப்புல விட்டோம். அவங்க எதையும் கழட்டிப் பாக்கல. சீட்டைத் தூக்கிப் பாத்தாங்க, "எஞ்சினை இறக்கணும், 38,000 ஆகும்"னு சொல்லிட்டாங்க. வண்டிக்கு இப்ப வெளிய கேக்கற வெல 80,000. பாதி கணக்கு கிட்டத்தட்ட சரியா வந்துருச்சு. அன்னைக்கு ராத்திரியே மகன் சென்னையில இருந்து, "அப்பா, விட்டுருங்க. நான் முன்பணம் கட்டறேன், மாசா மாசம் டியூவும் நானே கட்டறேன்"னு சொல்றான்.

இந்த எண்பதாயிரம் எங்க இருந்து வருதுன்னு யோசிச்சுப் பாருங்க. சந்தையில உழவு மாட்டுக்கு ஒரு வெல, அடிமாட்டுக்கு ஒரு வெல. ஏர் இழுக்கற மாட்டை வச்சிருக்கறவன், அது காலுல முள்ளு குத்தி நொண்டுதுன்னா கேரளா லாரிக்காரன் என்ன வெல குடுப்பான்னு பாத்து வைத்தியம் பண்ண மாட்டான். அடுத்த உழவுக்கு அது வருமா வராதான்னுதான் பாப்பான். என் வண்டியோட எண்பதாயிரம் நான் அதை விட்டுப் பிரியற அன்னைக்குத்தான் கைக்கு வரும். அதுவரைக்கும் எனக்கு அது வெறும் நம்பர். அந்த எண்பதாயிரத்தை வச்சு வேற நல்ல ஆம்னி வாங்க முடியாது. வாங்கினாலும் அது யார் கையில எப்படி ஓடுச்சு, எத்தனை தடவை ஹீட்டாச்சுன்னு எனக்குத் தெரியாது. என் வண்டியில எந்த நட்டு லூஸுன்னு எனக்குத் தெரியும்.

அப்ப எதோட எதை வச்சு ஒப்பிடணும்? ரிப்பேர் பண்ணா இன்னும் எத்தனை வருஷம் ஓடும், அந்த வருஷங்களுக்கு வேற வழியில போனா எனக்கு என்ன செலவு. அவ்வளவுதான்.

வேற வழின்னா ரெண்டு. ஒண்ணு, புது வேன். எல்லாம் சேத்து ஆறு லட்சம் பக்கம் வந்துரும். மகன் ஒண்ணரை லட்சம் கட்டி, மிச்சம் நாலரை லட்சத்தை அஞ்சு வருஷ லோனாப் போட்டா மாசம் 9,500 சொச்சம். வருஷத்துக்கு 1,14,000. சம்பளக்காரங்களுக்கு இது ஒண்ணாந்தேதி பேங்குல இருந்து தானாப் போற காசு. எனக்கு ஒண்ணாந்தேதின்னு ஒண்ணு கெடையாது. முருங்கை காய்க்கற மாசம் காசு இருக்கும், ஐப்பசி மழையில பூ கொட்டிப் போனா ரெண்டு மாசம் கையில ஒண்ணுமே இருக்காது. இதே முருங்கையை கிலோ நூறு ரூபாய்க்கும் வித்திருக்கேன், அஞ்சு ரூபாய்க்கும் வித்திருக்கேன். பூ கொட்டிப் போச்சுன்னு பேங்குல சொன்னா கேப்பாங்களா? மகன் கட்டறேங்கறான். அவனுக்கே அங்க வீட்டு லோன் ஓடுது, பேரனுக்கு ஸ்கூல் ஃபீஸ் இருக்கு. நான் காய் ஏத்திட்டுப் போற வண்டிக்கு அவன் டியூ கட்டணும்னா, அப்புறம் நான் விவசாயம் பண்றேன்னு சொல்லிக்கறதுல என்ன இருக்கு. இதை அவன்கிட்ட இப்படிச் சொல்லல. "பாத்துக்கலாம் சாமி"ன்னு மட்டும் சொன்னேன். இதைப் படிச்சா புரிஞ்சுக்குவான்.

ரெண்டாவது வழி, வண்டியே வேண்டாம், குட்டியானையை வாடகைக்குக் கூப்பிட்டுக்கலாம். டாடா ஏஸைத்தான் சொல்றேன். ஒரு நடைக்கு 700 ரூபாய். சீசன்ல வாரம் மூணு நடை. அதைக் கூட சமாளிச்சுக்கலாம், ரெண்டு மூணு தோட்டத்துக் காயைச் சேத்து ஏத்தி வாடகையைப் பங்கு போட்டுக்கலாம். ஆனா எங்க ஊருக்கு பஸ் காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ராத்திரி பத்து மணிக்கு யாருக்காவது நெஞ்சு வலிச்சா, வரப்புல பாம்பு கடிச்சா, வந்து கதவைத் தட்டறது எங்க வீட்டைத்தான். 108 வரும். குறை சொல்லல, நல்லாவே வருது. ஆனா வர்ற நேரத்துக்கு நாம பாதி தூரம் எதிர்ல போயிரலாம்ல. ஒட்டன்சத்திரத்துல இருந்து திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்கே முப்பது கிலோமீட்டருக்கு மேல. பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மாவை இந்த வண்டியில ரெண்டு தடவை கொண்டு போயிருக்கேன். அது எந்தப் பழைய கார் கடைக்காரர் கணக்குலயும் ஏறாது.

சரி, இவ்வளவு சொன்னதுனால எந்த வண்டியையும் ரிப்பேர் பண்ணலாம்னு அர்த்தம் இல்ல. ஹீட்டாகி நின்ன எஞ்சினுக்கு உள்ள என்ன ஆச்சுன்னு தெரியாம ரிப்பேர்னு முடிவு பண்றதும் தப்பு, வித்துரலாம்னு முடிவு பண்றதும் தப்பு. டவுன்ல நீங்க ஏமாறறது இந்த இடத்துலதான். அதனால கொஞ்சம் விளக்கமாவே எழுதறேன்.

எஞ்சின்ல அடிப்பாகம் பிளாக், மேல மூடி மாதிரி உக்காந்திருக்கறது ஹெட். ஆம்னியில பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். சூடு பட்டா அலுமினியம் இரும்பை விடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும். ரெண்டையும் போல்ட் போட்டு இறுக்கி வச்சிருக்கு, நடுவுல கேஸ்கட். அளவுக்கு மேல சூடானா ஹெட் விரியப் பாக்கும், போல்ட் விடாது, அப்ப அது லேசா வளைஞ்சுரும். ஒரு தலைமுடி கனத்துக்கு வளைஞ்சாலே போதும், கேஸ்கட் வழியா காத்தும் தண்ணியும் ஒண்ணோட ஒண்ணு கலக்க ஆரம்பிச்சுரும். பெரும்பாலும் நின்னு போறது இந்த அளவுலதான். சரி பண்ணக்கூடிய அளவு இது. முள்ளு ஏறின பிறகும் "இன்னும் ரெண்டு கிலோமீட்டர் தானே"ன்னு ஓட்டினாத்தான் பிஸ்டன் வரைக்கும் சூடு போய் சிலிண்டர்ல கோடு விழும். அது வேற செலவு. அந்த 38,000 அதுக்கான செலவு.

இது ரெண்டுல எதுன்னு எஞ்சினை இறக்காமலே பாத்துரலாம். எங்க ஊர்ப் பக்கம் ஒரு மெக்கானிக் தம்பி இருக்காரு, புளியமரத்தடியில தகரக் கொட்டகைதான் ஷெட். வண்டியை அங்க இழுத்துட்டுப் போனேன். மொதல்ல ஆயில் குச்சியை உருவிப் பாத்தாரு. ஆயில் பால்காபி மாதிரி இருந்தா தண்ணி கலந்துருச்சுன்னு அர்த்தம். எங்களது கலக்கல. அப்புறம் ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிட்டு அந்த ஓட்டையில கேஜ் வச்சு கம்ப்ரஷன் பாத்தாரு. ஓரத்து ரெண்டு சிலிண்டர்லயும் 170க்கு மேல காட்டுச்சு, நடுவுல 120. நடு சிலிண்டர்ல ரெண்டு மூணு சொட்டு ஆயில் விட்டு மறுபடி பாத்தாரு. "அண்ணே, ஆயில் விட்ட பிறகு முள்ளு ஏறினா ரிங் தேஞ்சிருக்குன்னு அர்த்தம், அப்ப எஞ்சினை இறக்கித்தான் ஆகணும். ஏறலைன்னா கேஸ்கட்டுலயோ வால்வுலயோதான் லீக்கு"ன்னாரு. ஏறல. அரைமணி நேர வேலை, 500 ரூபாய். அந்த 500 ரூபாயை செலவு பண்ணாமத்தான் மெயின் ரோட்டுல எனக்கு 38,000 சொன்னாங்க. உங்க வண்டி நின்னா, எவ்வளவு ஆகும்னு கேக்கறதுக்கு முன்னாடி கம்ப்ரஷன் பாத்தீங்களான்னு கேளுங்க. பாக்காமச் சொல்ற தொகை ஜோசியம்தான்.

அடுத்தது காரணம். எங்க தோட்டத்துல போர் மோட்டார் காயில் எரிஞ்சா ரீவைண்டிங் பண்ணி எறக்குவோம். எரிஞ்சதுக்குக் காரணம் வோல்டேஜா, ஒரு ஃபேஸ் போச்சா, போர்ல தண்ணி இல்லாம ஓடுச்சான்னு பாக்காம எறக்கினா அடுத்த மாசமே மறுபடி எரியும். கிணத்துக்காரன் எவனுக்கும் இதைச் சொல்லிக் குடுக்க வேண்டாம். காருக்கு மட்டும் ஏன் இதை மறந்துடறோம்னு தெரியல. ஹெட்டை சரி பண்ணி மாட்டிட்டா வேலை முடிஞ்சதுன்னு கெளம்பிடறாங்க. சூடானது எதனாலன்னு கண்டுபிடிக்காத ரிப்பேர் எவ்வளவு மலிவா இருந்தாலும் தண்டம்.

எங்களுக்கு ஹோஸ் வெடிச்சது கண்ணுக்குத் தெரிஞ்ச காரணம். ரேடியேட்டரைக் கழட்டித் தலைகீழாக் கவுத்து தண்ணி விட்டுப் பாத்தா, பாதிக் குழாய்ல தண்ணியே வரல. உள்ள வெள்ளையா உப்புப் படிஞ்சிருக்கு. எங்க பக்கம் போர் தண்ணி அப்படி. கொட்டகையில தண்ணி காச்சற அண்டாவைப் பாத்தீங்கன்னா உள்ள சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கும். சொட்டு நீர்ப் பாசனம் போட்டவங்களுக்கு இது அன்றாடம் நடக்கறது. லேட்டரல் குழாய்ல சொட்டுவான் ஒவ்வொண்ணா அடைச்சுட்டு வரும், வெளிய ஒண்ணும் தெரியாது, செடி வாடும்போதுதான் தெரியும். ஆசிட் விட்டுக் கழுவுவோம். ரேடியேட்டரும் அதே கதைதான். முன்ன எங்கயோ சர்வீஸுக்கு விட்டப்ப கூலண்டைக் கொட்டிட்டு குழாய்த் தண்ணியைப் பிடிச்சு ஊத்தியிருக்காங்க. பில்லுல கூலண்ட்னு எழுதியிருக்கு, உள்ள இருந்தது போர் தண்ணி. டவுன்லயும் நிறைய வீட்டுல போர் தண்ணிதான வருது, அதனால இதை சும்மா கிராமத்து விஷயம்னு நினைக்காதீங்க. கூலண்டோட கலக்கறதா இருந்தா டிஸ்டில்டு வாட்டர்தான், பேட்டரிக்கு ஊத்தற தண்ணி. ஒரு கேன் வாங்கி வீட்டுல வச்சுக்கலாம்.

அந்த ரேடியேட்டர் மூடியையும் சாதாரணமா நினைக்காதீங்க. அது குக்கர் வெயிட் மாதிரி. உள்ள அழுத்தத்தைப் பிடிச்சு வைக்கறதுனாலதான் தண்ணி 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காம இருக்கு. மூடியில ரப்பர் போனா அழுத்தம் நிக்காது, தண்ணி சீக்கிரமே கொதிச்சுக் குறைஞ்சுரும். அதே காரணத்துக்காகத்தான் சூடா இருக்கும்போது தொறக்கக் கூடாது, மூஞ்சியில அடிக்கும். எஞ்சின் மேல பச்சைத் தண்ணி ஊத்தறதும் வேண்டாம். எரியற லாந்தர் சிம்னியில மழைத்தண்ணி பட்டா என்ன ஆகும்னு எங்க வயசுக்காரங்களுக்குத் தெரியும். இன்னொண்ணு, தண்ணி மொத்தமா வெளிய போயிருச்சுன்னா மீட்டர் முள்ளு பொய் சொல்லும். சென்சார் தண்ணியில நனைஞ்சிருந்தாத்தான் சரியாக் காட்டும். முள்ளு எறங்கிருச்சேன்னு சாவியைப் போடாதீங்க.

தம்பி சொன்ன செலவு 16,500. கேஸ்கட் செட்டு, லேத்துல ஹெட் ஃபேஸிங், வால்வு வேலை, வாட்டர் பம்ப், டைமிங் பெல்ட், எல்லா ஹோஸும் புதுசு, ரேடியேட்டர் சுத்தம், கூலண்ட், கூலி எல்லாம் சேத்து. பம்பும் பெல்ட்டும் இப்ப கெடல. ஆனா அவ்வளவு தூரம் கழட்டின பிறகு பழசையே மாட்டினா அடுத்த வருஷம் அதே கூலியை மறுபடி குடுக்கணும். இதுல மட்டும் கஞ்சத்தனம் பண்ணக் கூடாது.

16,500ங்கறது புது வண்டிக்கு ரெண்டு மாச டியூ கூட இல்ல. 2024ல பதினஞ்சு வருஷம் முடிஞ்சு எஃப்.சி காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிச்சிருக்கேன். அதுக்கு 2022 ஏப்ரல்ல இருந்து 600 ரூபாயா இருந்த கட்டணத்தை 5,000 ஆக்கிட்டாங்க, பசுமை வரி தனி. அதெல்லாம் கட்டி 2029 வரைக்கும் பேப்பர் இருக்கு. நாலு வருஷம் ஓடுச்சுன்னா ரிப்பேர் செலவு மாசத்துக்கு 350 ரூபாய் கூட வராது. வருஷா வருஷம் இதே மாதிரி ஒரு 16,500 செலவு வந்தாக் கூட 1,14,000 பக்கத்துல நிக்காது. டெல்லியில பத்து வருஷ டீசல், பதினஞ்சு வருஷ பெட்ரோல் வண்டியை ஓட்டக் கூடாதுன்னு சொன்னாங்க, அது அந்த ஊர்ப் புகைக்குப் போட்ட உத்தரவு. இங்க எஃப்.சி பாஸ் ஆனா ஓட்டலாம்.

மருமக ஒண்ணு சொன்னா. அதுக்கு மட்டும் என்கிட்ட பதில் இல்ல. "மாமா, அதுல ஏர்பேக் இல்ல, முன்னாடி பானெட் கூட இல்ல, இடிச்சா நேரா கால்லதான் இடிக்கும்"னா. நூத்துக்கு நூறு சரி. பாதுகாப்பு விதிகளுக்கு ஒத்து வராதுன்னுதான் அந்த வண்டியையே நிறுத்தினாங்க. ரிப்பேர் பண்ணினா அது ஓடும், ஆனா கெட்டியாகாது. அதனால வீட்டுல ஒரு முடிவு பண்ணியிருக்கோம். இனி நாலுவழிச் சாலையில இந்த வண்டி ஏறாது. மார்க்கெட்டு, உரக்கடை, ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். பேரன் லீவுக்கு வந்தா பஸ்ஸுலயோ அவங்க கார்லயோதான் பழனி. பாச்சலூர் மலைக்கு மேல ஏத்தறதும் கெடையாது. தினம் ஹைவேயில எண்பது, நூறுல போய் வேலைக்குப் போறவங்க நீங்கன்னா என் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. செலவு கம்மியா வந்தாலும் புது வண்டிக்கு மாறிடுங்கன்னுதான் நானும் சொல்லுவேன்.

எனக்கும் ஒரு எல்லை வச்சிருக்கேன். 20,000. ஹெட்டைக் கழட்டின பிறகு அதுல விரிசல் தெரிஞ்சா, புதுப்பேட்டை பக்கம் இருந்து பழைய ஹெட் ஒண்ணு அந்தத் தொகைக்குள்ள கெடைக்குதான்னு பாக்கறது. சிலிண்டர்ல கோடு விழுந்திருந்தா அதோட விட்டுடறது. வந்த வெலைக்குக் குடுத்துட்டு இந்த சீசன் குட்டியானை, அடுத்த வருஷம் காய் வெலையைப் பாத்து வேற யோசிக்கறது. இதை ஹெட்டைக் கழட்டறதுக்கு முன்னாடியே ஒரு சீட்டுல எழுதி வீட்டுக்காரம்மாகிட்ட குடுத்துட்டேன். ஏன்னா, கழட்டிப் போட்ட எஞ்சினைப் பாத்துட்டு நிக்கறப்ப "இவ்வளவு பண்ணிட்டோம், இன்னும் ஒரு அஞ்சாயிரம்"னு எவனுக்கும் தோணும். போர் போடறப்ப இன்னும் ஐம்பதடி, இன்னும் ஐம்பதடின்னு போய் நகையை அடகு வச்சவங்க எங்க ஊர்லயே இருக்காங்க.

ஹெட்டைக் கழட்டியாச்சு. விரிசல் இல்ல, சிலிண்டர்ல கோடும் இல்ல, நடு சிலிண்டருக்கும் தண்ணி ஓட்டைக்கும் நடுவுல கேஸ்கட் கருகியிருந்துச்சு. ஹெட் இப்ப திண்டுக்கல் லேத்துல இருக்கு, வெள்ளிக்கிழமை குடுக்கறேன்னிருக்காங்க. அதுவரைக்கும் எங்க காய் பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மா மகன் வண்டியில போகுது. நடைக்கு 150 ரூபாய் பெட்ரோலுக்குக் குடுத்தா வாங்க மாட்டேங்கறான்.